மறு: எரிபருவமா, தீயிடுகாலமா?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பிரெய்ரிப் புல்வெளி பற்றிய கட்டுரையில், புல்வெளியில் தீ வரும் வேளையைக் குறிக்க நான் முன்வைத்த 'எரிபருவம்' என்ற சொல்லுக்கு ஐயா நேற்று எழுதிய மறுப்பு இது:

> எரிபருவம் என்றதும் காடு தானாக எரியும் கோடைதான் நினைவுக்கு வருகிறது. எரிதல் வேறு, எரித்தல் வேறு. தவிர, மாதம் சொல்லிக் குறிக்கக்கூடியதைப் பருவம் என்பானேன்? காலம் என்றாலே போதுமே.

முதல் பாதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எரிபருவம் வினைத்தொகை. எரிந்த, எரிகின்ற, எரியும் பருவம் என்றுதான் விரியும். தீ வைக்கும் ஆள் அதற்குள் இல்லை. ஆனால் கன்சாஸின் பிளின்ட் ஹில்ஸ் குன்றுகளில் மாடு வளர்ப்பவர்கள் ஏப்ரலில் தாங்களே தீ வைக்கிறார்கள். அவர்களுக்கு முன்பு கான்சா, ஓசேஜ் பழங்குடி மக்களும் வைத்தார்கள். மின்னலால் பற்றும் தீயோ பெரும்பாலும் கோடையில் வருவது. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. தானாகப் பற்றுவதற்குத் 'தீக்காலம்' இருக்கட்டும். மனிதர் வைப்பதற்குத் 'தீயிடுகாலம்' எனலாம்.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புல்வெளியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

ஏப்ரல் கடைசியில் அங்கே ஒரு தீ ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுயரம் வளரும் பிக் புளூஸ்டெம் வெப்பப்பருவப் புல், அதாவது வெயில் ஏறியபின் வளர்வது; அப்போதுதான் துளிர்விடத் தொடங்கியிருக்கும். அதன் குருத்து மண்ணுக்குள்ளோ மண்ணை ஒட்டியோ இருப்பதால் தீ கொண்டுபோவது போன ஆண்டுச் சருகை மட்டுமே. சருகு போனதும் வெயில் நேரே இறங்கும், கருகிய மண் சீக்கிரம் சூடேறும், புல் விறுவிறுவென்று கிளம்பும். அதே இடத்தில் நிற்கும் கென்டக்கி புளூகிராஸ் குளிர்பருவப் புல், வெளியிலிருந்து வந்து பரவியது. பனி விலகியதுமே தழைத்து, வேரில் சேர்த்ததைச் செலவழித்துத் தண்டும் கதிருமாக நிற்கும் நேரம் அது. தீ பட்டால் போட்ட முதல் மொத்தமும் போச்சு. மறுபடி துளிர்த்தாலும் வெப்பப்பருவப் புற்களின் நிழலில் திணறும்.

நாள் ஒன்று, தீ ஒன்று. ஒன்றுக்கு அது துளிர்ப்பருவம், மற்றொன்றுக்குக் கதிர்ப்பருவம். 'காலம்' என்று மட்டும் சொன்னால் இந்த வேறுபாடு சொல்லுக்குள்ளேயே வராது. எனக்கு மனம் ஒப்பாதது இதுதான்.

இதற்கு வெளியே தேடவேண்டியதில்லை. நம் உழவர்கள் 'குறுவைப் பருவம்' என்கிறார்கள், அது காலம். 'தூர் கட்டும் பருவம்', 'பால் பிடிக்கும் பருவம்' என்கிறார்கள், அது பயிரின் நிலை. இரண்டாவது பொருளைத்தான் இங்கே கையில் எடுக்கவேண்டும். செடி தீ வைப்பதில்லை, அதன்மேல் தீ படுகிறது. ஆகவே செடியின் பக்கத்துக்குத் 'தீப்படுபருவம்' என்பது என் திருத்திய முன்மொழிவு.

ஜூலையில் எரித்தால் கணக்கு தலைகீழாகிறது. சூழலியலாளர் ஹென்றி ஹோவ் விஸ்கான்சின் மாநிலத்தில் செய்த சோதனைகளில் கோடைத் தீ, வசந்தத்திலேயே பூத்து முடிக்கும் ஜிஜியா போன்ற செடிகளுக்கு இடம் கொடுத்தது. உயரப் புற்கள் வளர்ச்சியின் நடுவில் தீயில் மாட்டிக்கொள்கின்றன. ஜிஜியாவோ அந்த ஆண்டு வேலையை முடித்துவிட்டிருக்கும்.

அன்புடன்.

---

ஐயாவின் மறுமொழி:

தீயிடுகாலம், தீப்படுபருவம் என்று பிரித்தது சரி. 'இடுகாலம்', 'படுபருவம்' இரண்டும் வினைத்தொகை, அங்கே வல்லினம் மிகாமல் சேர்த்தே எழுதுங்கள். ஆனால் ஒன்று உறுத்துகிறது. கன்சாஸில் உள்ள கோன்சா பிரெய்ரி ஆய்வு நிலையத்தில் நவம்பர், பிப்ரவரி, ஏப்ரல் என மூன்று வேளைகளில் 8 ஆண்டுகள் ஆண்டுதோறும் எரித்துப் பார்த்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தப் புல் விளைச்சலில் பெரிய வேறுபாடு இல்லை. ஏப்ரல்தான் புல்லுக்கு நல்லது என்ற நெடுநாள் நம்பிக்கைக்கே அது அடி. அப்படியிருக்க, பருவத்துக்கு இவ்வளவு அழுத்தம் தரலாமா?

---

வணக்கம் ஐயா. நல்ல கேள்வி. அந்த முடிவு என் பக்கம்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். நவம்பரும் பிப்ரவரியும் ஏப்ரலும் நாட்காட்டியில் தள்ளித்தள்ளி இருக்கின்றன. ஆனால் பிக் புளூஸ்டெம்முக்கு முதல் இரண்டும் உறக்கம், மூன்றாவது அந்த உறக்கத்தின் விளிம்பு. தீயிடுகாலம் மூன்று, தீப்படுபருவம் ஏறத்தாழ ஒன்றே. விளைச்சல் மாறாததில் வியப்பில்லை. அதே ஆய்வில் அகன்ற இலைப் பூச்செடிகளும் குளிர்பருவத் தாவரங்களும் இலையுதிர்கால, குளிர்கால எரிப்பில் கூடின. ஏப்ரலில் அவை விழித்திருக்கும் என்பதே காரணம்.

இன்னொரு சான்றும் உண்டு. கிழக்காசியாவிலிருந்து வந்து கன்சாஸ் மேய்ச்சல் நிலங்களைப் பிடித்துக்கொண்ட செரிசியா லெஸ்பெடீசா என்ற களைச்செடி, வழக்கமான வசந்தத் தீக்கு அடங்குவதில்லை. பூத்து விதை கட்டப்போகும் ஆகஸ்ட், செப்டம்பரில் எரித்தால் விதை வெகுவாகக் குறைகிறது. அங்கே மாதத்தைத் தேர்ந்தது பூப்பருவத்தைப் பார்த்துத்தான்.

கட்டுரையின் வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "தீயிடுகாலம் ஒன்றாக இருந்தாலும் தீப்படுபருவம் இனத்துக்கு இனம் மாறுவதால், ஒரே தீ ஒரு புல்லை வளர்த்து இன்னொன்றை ஒடுக்குகிறது." வாசிக்க இடறினால் சொல்லுங்கள். வெப்பப்பருவப் புல், குளிர்பருவப் புல் இரண்டிலும் 'பருவம்' காலப்பொருளில் நிற்பது எனக்கே நெருடுகிறது. வெயில்காலப் புல், பனிக்காலப் புல் என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.