அருஞ்சொற்பொருளை எங்கே டேக் செய்வது?

அச்சுக்கோப்பான்:
சங்கப் பாடல் உரைநூல் ஒன்றை, பார்வையற்ற மாணவர்களும் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள்) கொண்டு படிக்கும் வகையில், டேக் செய்த, அதாவது ஒவ்வொரு பகுதியும் இன்னது என்று குறியிட்ட, பிடிஎஃப் கோப்பாக மாற்றி வருகிறேன். பக்கத்தின் அடியில் அருஞ்சொற்பொருளும், ஓரத்தில் திணை விளக்கப் பெட்டியும் உள்ளன. ஒவ்வொரு பொருளையும் குறிப்புகளுக்கான ‘நோட்’ டேக்கில் இட்டு, உரிய சொல்லுக்கு அடுத்தே வைக்க எண்ணுகிறேன். கண்ணால் படிப்பவர் நொடியில் கீழே பார்த்துத் திரும்புகிறார். காதால் படிப்பவருக்கும் பொருள் அங்கேயே கிடைக்க வேண்டும் அல்லவா? பெட்டியில் இருப்பது ஆசிரியர் வகுப்பில் சொல்வதுதான் என்பதால், அதை ‘ஆர்டிஃபேக்ட்’ (வாசிக்காமல் விடப்படும் பகுதி) ஆக்கிவிடலாம்.

செவிவழி:
ஐயா, நான் பார்வையற்றவன். என்விடிஏ என்னும் ஸ்கிரீன் ரீடர் கொண்டு தமிழ் படிப்பவன். இத்தகைய கோப்பு ஒன்றில், சொற்களின் தலையில் இருந்த சிற்றெண்களும் வரியோடு சேர்ந்தே ஒலித்ததால், “யாயும் ஒன்று ஞாயும் இரண்டு” என்று என் காதில் விழுந்தது. யாரோ தாய்மாரை எண்ணுகிறார்கள் என்றே முதலில் நினைத்தேன். தாங்கள் சொல்லும் முறையிலோ “யாயும், என் தாய், ஞாயும், உன் தாய்” என்று அடி உடைந்து, ஓசை போய்விடும். கண் விரும்பினால்தான் கீழே இறங்கும்; காதோ வருவதையெல்லாம் வரிசையாகக் கேட்டே ஆக வேண்டும். ஆகவே பொருள் முழுவதும் பாட்டு முடிந்த பின் வரட்டும்.

ஆர்டிஃபேக்ட் என்பது பக்க எண்ணுக்கும் பக்கந்தோறும் திரும்ப வரும் தலைப்புக்கும் உரியது. அவ்வாறு குறித்ததை ஸ்கிரீன் ரீடர் படிக்காது. பெட்டி வேண்டாமென்றால் நானே தாண்டிப் போவேன். அப்படி ஒன்று இருப்பதையே என்னிடம் மறைப்பது முறையன்று.

அச்சுக்கோப்பான்:
பெட்டியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும், நோட் டேக்கை அதைச் சுட்டும் பகுதிக்குள்ளேயே வைக்கலாம் என்று 2008இல் வந்த பிடிஎஃப் தரநிலையான ஐஎஸ்ஓ 32000-1 அனுமதிக்கிறது. மேலும், பதினான்கு பொருள்களைப் பாட்டின் முடிவில் குவித்தால், எது எந்தச் சொல்லுக்கு என்பது கேட்பவருக்கு எப்படி விளங்கும்?

செவிவழி:
வேறிடத்தில் வைத்து ‘ரெஃபரன்ஸ்’ டேக் வழியே இணைக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறதே! குவியலைப் பற்றிய கவலையும் வேண்டாம். “யாய் - என் தாய்” என்று சொல்லையே முன்னிறுத்திப் பொருள் தருவது நம் உரைநூல்களின் வழக்கம் அல்லவா? அப்படி இருக்க, பாட்டில் எண்ணே எதற்கு?

கோப்புச் சோதகர்:
அனைவரும் அணுகத்தக்க பிடிஎஃப்புக்கான தரநிலை பிடிஎஃப்/யுஏ-1; அதன் சோதனையில் இரண்டு இடங்களுமே பிழையாகா. ஆனால் ஒவ்வொரு நோட் டேக்குக்கும் தனித்த அடையாளக்குறி வேண்டும். கோப்புகள் பெரும்பாலும் அங்கேதான் தவறுகின்றன. 2017இல் வந்த பிடிஎஃப் 2.0, நோட்டைக் கைவிட்டு ‘எஃப்இநோட்’ என்பதையும், பெட்டிகளுக்கென ‘அசைடு’ என்பதையும் கொண்டுவந்தது. 2024இல் வெளியான பிடிஎஃப்/யுஏ-2 அதன்மீதே நிற்கிறது. தங்கள் கோப்பு அதற்கு முந்தைய பிடிஎஃப் 1.7 என்றால், பெட்டியைத் தலைப்புடன், பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ டேக்கில் இட்டு, உரையின் நடுவே புகாதபடி பாட்டுக்கும் உரைக்கும் இடையில் வைப்பதே நல்லது.

அச்சுக்கோப்பான்:
பாட்டில் எண்களை நீக்கிவிட்டு, பொருளை இறுதிக்கு நகர்த்துகிறேன். உரைநடை விளக்கத்தில் உள்ள அடிக்குறிப்புகளை மட்டும் அந்தந்த வாக்கியத்தின் முடிவில் வைப்பேன். அங்கே உடைவதற்கு யாப்பு இல்லை.

செவிவழி:
யாப்பு இல்லை, வாதம் இருக்கிறதே, ஐயா. பத்தியின் முடிவில் வையுங்கள்.