சிங்கப்பூர் ராணுவத்தின் பச்சைச் சட்டையைக் கழற்றிவிட்டு பேங்க் வேலைக்குப் போனவர்கள், உங்கள் அனுபவம் எப்படி?

முன்னாள் ஸ்டோர்மேன்:
ரெகுலராக (சம்பளத்துக்குச் சேர்ந்த முழுநேரப் படையினராக) இருந்து கான்ட்ராக்ட் முடித்து வெளியே வரும் தம்பிகள் தனித்தனியாகக் கேட்கிறார்கள். மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் ஆர்மியில் லாஜிஸ்டிக்ஸ். இப்போது சாங்கி பிஸ்னஸ் பார்க்கில் ஒரு வங்கியின் ஆப்பரேஷன்ஸ் பிரிவில் இருக்கிறேன். டை கட்டுவதில்லை, பெரிய வங்கிகள் நிற்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் போவதே அபூர்வம். ஃபைனான்ஸ் என்றால் திரையைப் பார்த்து "வாங்கு, வித்துடு" என்று கத்தும் வேலை என்று என் மாமியார் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நேர்முகத்தில் எதிரே இரண்டு பேர். எல்லாரையும் போல நானும் தலைமைத்துவத்தில்தான் ஆரம்பித்தேன். இத்தனை பேர் என் கீழ், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடக்கும் வாலபி ராணுவப் பயிற்சிக்குச் சாமான் அனுப்பினேன், இப்படி. இருவரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா கேட்டார்: "கணக்கு ஒத்து வராத நாளில் என்ன செய்வீங்க?"

அது எனக்கு அத்துப்படி. சுடும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ இல்லை என்று அதிகாரி முன் வாய்விட்டுச் சொன்ன பிறகே ரேஞ்சை விட்டு நகர முடியும். காலி உறை ஒன்று குறைந்தாலும் மொத்தப் பேரும் புல்லுக்குள் குனிந்துவிடுவார்கள். ஆனால் புல்லில் தேடுவது பாதி வேலைதான். நான் முதலில் காகிதத்தைப் பார்ப்பேன். எத்தனை கொடுத்தோம், யார் கையெழுத்துப் போட்டார், எந்த மணிக்கு, எந்தக் கை மாறும்போது எண் முதலில் பிசகியது. பல நாள் உறை காணாமலே போயிருக்காது, எழுதியவர் தப்பாக எழுதியிருப்பார். இதை நான் சொல்லும்போதுதான் அந்த அம்மா முதல்முறையாகப் பேனாவை எடுத்தார்.

இன்று என் வேலையும் ஏறக்குறைய அதுதான். எங்கள் லெட்ஜர் ஒன்று சொல்லும், வெளிநாட்டு வங்கியின் ஸ்டேட்மெண்ட் வேறொன்று சொல்லும். அந்த வித்தியாசத்துக்கு 'பிரேக்' என்று பெயர். அது யார் கையில், எந்த நேரத்தில் உண்டானது என்று கண்டுபிடித்து மூட வேண்டும். 2024 மே மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒரே வேலைநாளில் செட்டில்மெண்ட் (பங்கும் பணமும் கைமாறி முடிவது) என்று மாறியதிலிருந்து அவசரம் கூடிவிட்டது. அவர்கள் மாலை நமக்கு விடிகாலை. நமக்குப் பழைய அவகாசம் கிடையாது.

என் கருத்து: படையிலிருந்து வருகிறவனுக்கு முதலில் தோதுப்படுவது இந்த மாதிரிப் பின்கட்டு வேலைதான். எல்லாரும் நம்மைத் தள்ளிவிடும் இடமோ வேறு.

தோ பாயோ அட்வைசர்:
அண்ணே, அந்த "வேறு இடத்தில்" இருப்பவன் நான். இன்சூரன்ஸ்.

கான்ட்ராக்ட் முடிகிற செய்தி எப்படித்தான் பரவுகிறதோ, ஒரு இன்சூரன்ஸ் குழுவினர் தஞ்சோங் பகாரில் ஒரு காப்பிக் கடைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சட்டை, நல்ல வாட்ச், நம்ம ஊர்ப் பையன்தான். "சார்ஜண்ட், உங்க போனில் இருக்கிற நூறு பேரை எழுதுங்க" என்று தாளை நீட்டினான். அடுத்து, "படையில் உங்களுக்குச் சேர்ந்த பிரீமியம் பிளான் பணம் வருமே, அதை என்ன செய்யப் போறீங்க?" அப்போதுதான் புரிந்தது. அவன் தேடி வந்தது ஒரு ஊழியனை மட்டுமல்ல, கையில் மொத்தத் தொகையோடு நிற்கும் ஒரு கஸ்டமரை.

வேறு ஒரு குழுவில் சேர்ந்தேன். எம்5 (இப்போது ஆர்இஎஸ்5), எம்9, எம்9ஏ, ஹெல்த் இன்சூரன்ஸ் பேப்பர்களைப் பாஸ் பண்ணி, சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பிரதிநிதிகள் பதிவேட்டில் பேர் ஏறிய பிறகே வாய் திறக்கலாம். பரீட்சைக்குப் பயப்பட வேண்டாம், படித்தால் வரும்.

படிப்பில் சொல்லித்தராத விஷயம் ஒன்று. என்னிடம் ரெக்ரூட்டாக இருந்த ஒரு பையன் வந்தான். பிளானை முழுசாகச் சொல்லக்கூட விடவில்லை. "நீங்க சொன்னா சரி, சார்ஜண்ட், எங்க கையெழுத்துப் போடணும்?" எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பயிற்சித் தீவான தெக்கோங்கில் நான் சொன்னால் ஓடியவன், இங்கேயும் அதே பழக்கத்தில் கையெழுத்துப் போடுகிறான். வீட்டுக்குப் போய் அக்காவோடு உட்கார்ந்து படி, போட்ட பிறகும் பாலிசி கைக்கு வந்ததிலிருந்து 14 நாள் யோசிக்க நேரம் இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். அன்று முதல் எனக்குக் கீழ் இருந்த யாருக்கும் நான் விற்பதில்லை. என் மேனேஜருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னொன்று, பணம். ரெகுலராக இருந்தபோது சி.பி.எஃப். (மத்திய சேமநிதி) தானாக வந்து விழும். ஏஜண்ட் என்றால் சொந்தத் தொழில் கணக்கு. முதலாளி பங்கு 17 விழுக்காடு போச்சு. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) நாமே கட்டணும். வீட்டுக் கடன் கேட்டால் கமிஷன் போன்ற ஏறி இறங்கும் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். பிடிஓ (முன்பதிவு செய்து கட்டித் தரும் அரசு வீடு) சாவிக்குக் காத்திருக்கும் தம்பிகள் இதை முதலில் விசாரியுங்கள்.

ராபின்சன் ரோடு:
நான் ஆகாயப்படையில் இருந்தேன், இப்போது வங்கியில் கம்ப்ளையன்ஸ் (விதிமுறைக் கண்காணிப்பு). பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

2023 ஆகஸ்டில் பத்து வெளிநாட்டவர் கைதாகி, முடக்கிய சொத்து 300 கோடி வெள்ளியைத் தாண்டியதே, அந்தக் கள்ளப்பண வழக்குக்குப் பிறகு எங்கள் பிரிவில் பழைய கோப்புகளை எல்லாம் தூசி தட்டினோம். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, இந்தக் கம்பெனி உண்மையில் என்ன செய்கிறது, அதற்கு என்ன ஆதாரம்? சந்தேகம் தீரவில்லை என்றால் காவல்துறையின் வர்த்தக விவகாரத் துறைக்கு அறிக்கை. அந்த அறிக்கையில் 'நினைக்கிறேன்' என்று எழுதினால் மேலிடம் திருப்பி அனுப்பும். பார்த்தது என்ன, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, அவ்வளவுதான். சம்பவ அறிக்கை எழுதி எழுதிப் பழகிய கை எனக்கு அங்கேதான் உதவியது.

கஷ்டம் வேறு இடத்தில். என் மேலாளருக்கு என்னைவிட ரொம்ப வயது குறைவு. முதல் வாரம் வாய் தவறி "சார்" என்றேன், பாவம், அந்தப் பையன் பின்னால் திரும்பி யாரென்று பார்த்தான். சம்பளமும் இறங்கியது. வேலை மாற்றத் திட்டத்தின் கீழ் சேர்ந்ததால் பயிற்சிக் காலத்தில் அரசு ஆதரவு முதலாளிக்குப் போனது, என் கையில் வந்தது பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான். வீட்டில் முன்கூட்டியே பேசிவிட்டு இறங்குங்கள்.

ஓஆர்டி எப்போ:
அண்ணே, அக்கா, நான் ரெகுலர் இல்லை, என்.எஸ். (கட்டாய தேசிய சேவை) பையன். சிஎஃப்ஏ (முதலீட்டுத் துறைத் தேர்வு) எழுதினால் நேராக உள்ளே போய்விடலாமா? ரெசுமேயில் ஆர்மியைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

முன்னாள் ஸ்டோர்மேன்:
தம்பி, சிஎஃப்ஏ மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் 300 மணி நேரம் படிக்கணும் என்று அதை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். முதலீட்டு ஆய்வு, ஃபண்ட் பக்கம் போகணும் என்றால் எழுது. என் மாதிரி வேலைக்கு அது வேண்டாம், எக்செலை ஒழுங்காகக் கற்றுக்கொள். ரெசுமேயில் செய்த வேலையை எழுது, யூனிட் எங்கே நிற்கிறது, என்ன கருவி வைத்திருக்கிறது என்பதெல்லாம் வேண்டாம். ரகசியக் காப்புச் சட்டம் ஓஆர்டியோடு (முழுநேரச் சேவை முடியும் நாளோடு) முடிகிற விஷயம் இல்லை.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் இப்போதே அடைத்துவிடு. இந்தத் துறையில் நிதி நிலைமையையும் பார்ப்பார்கள்.

ஓஆர்டி எப்போ:
நன்றி அண்ணே. ரிசர்விஸ்ட் (சேவை முடிந்த பிறகும் வரும் பயிற்சி அழைப்பு) பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

ராபின்சன் ரோடு:
உள்ளதைச் சொல். நீ அதிகாரி இல்லை என்றால் 40 வயது வரை கூப்பிடுவார்கள், அது எல்லா முதலாளிக்கும் தெரியும், விடுப்பு கொடுத்தே ஆகணும். அழைப்புக் கடிதம் பல மாதம் முன்னாலேயே வரும். வந்த அன்றே டீமில் சொல்லிவிடு. முக்கியமாக அது காலாண்டு முடிவில் விழுந்தால், உன் வேலையை யார் பார்ப்பது என்று நீயே ஒரு ஆளைப் பேசி வைத்துவிட்டு மேலாளரிடம் போ.