வாடகை பாக்கி வழக்கு: வழக்கறிஞர் இல்லாமல் நடத்தலாமா?

இளமாறன்:
ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், நான்கைந்து மாத பாக்கிக்காக வழக்கறிஞரை அமர்த்தினால், வரவேண்டிய தொகையில் பெரும்பகுதி கட்டணமாகவே போய்விடும். ஆகவே பாக்கித் தொகையை மட்டும் கேட்கும் வழக்கை உரிமையாளர் தாமே நடத்துவதுதான் சரி என்பது என் வாதம். இங்கிலாந்தில் 10,000 பவுண்டு வரையிலான பணக் கோரிக்கைகள் பொதுவாகச் சிறு தொகை வழக்குகளுக்கான சிறு கோரிக்கைப் பிரிவில் விசாரிக்கப்படுகின்றன; அங்கே வென்றவர்கூடத் தம் வழக்கறிஞர் செலவைத் தோற்றவரிடம் பெரும்பாலும் வாங்க முடியாது. கலிபோர்னியாவின் சிறு கோரிக்கை நீதிமன்றத்தில், கட்சிக்காரருக்காக வழக்கறிஞர் வாதாடப் பொதுவாக அனுமதியே இல்லை.

செல்வநாயகி:
ஐயா, அத்தகைய ஏற்பாடு எல்லா நாட்டிலும் இல்லை. இந்தியாவில் கட்சிக்காரர் தாமே முன்னிலையாகலாம் என்றாலும், வழக்குரையை, அதாவது வழக்கைத் தொடங்கத் தாக்கல் செய்யும் மனுவை, சரியாக எழுதுவது முதல் குறுக்கு விசாரணை வரை எல்லாம் அவர் தலையில்தான் விழும். அங்கே ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரம் (வாடகை ஒப்பந்தம்) பதிவு செய்யப்படாமல் இருந்தால், அதன் நிபந்தனைகளை அந்தப் பத்திரத்தைக் கொண்டே நிறுவ முடியாத நிலை வரும். வழக்குத் தொடுக்கக் காலவரம்பும் இருக்கிறது: வாடகை பாக்கிக்கு இந்தியாவில் 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. குடியிருப்பவர் மேல் இரக்கப்பட்டுக் காத்திருந்த உரிமையாளர், பழைய மாதங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருப்பதை அறியாமலே இருப்பார். இவற்றையெல்லாம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லத்தான் வழக்கறிஞர் தேவைப்படுகிறார்.

இளமாறன்:
அம்மா, நீங்கள் சொன்ன ஆபத்துகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றுக்கு ஒருமுறை ஆலோசனை பெற்றாலே போதும், வழக்கு முழுவதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. வாடகை வழக்கின் உயிர் கணக்கில் இருக்கிறது. எந்த மாத வாடகை, எந்த நாளில் செலுத்தப்பட வேண்டியது, எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது என்று மாதவாரியாக எழுதி, வங்கிக் கணக்குப் பட்டியலையும் அனுப்பிய அறிவிப்பின் நகலையும் இணைத்துவிட்டால், வாதத் திறமைக்கு அங்கே அதிக வேலை இல்லை. வீட்டைக் காலிசெய்யக் கோரும் வழக்கு வேறு. அறிவிப்பின் கால அளவில் பிழை நேர்ந்தால் அது தள்ளுபடியாகிவிடக் கூடும் என்பதால், அதற்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன்.

கதிரவன்:
வாடகைக்குக் குடியிருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தாமே வழக்குத் தொடுக்கும் உரிமையாளர்கள் வாடகையோடு நிற்பதில்லை. சுவர்ப் பூச்சுச் செலவு, ஒப்பந்தத்தில் இல்லாத அபராதம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, முன்பணத்தைக் கழிக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பிலும் வழக்கறிஞர் இல்லையென்றால், மிகைப்படுத்திய அந்தக் கணக்கு மறுப்பின்றித் தீர்ப்பாகிவிடும் அபாயம் உண்டு. ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கச் சொல்லிப் பலமுறை எழுதியும் பதில் வராததால் வாடகையை நிறுத்தியவரும் இருக்கிறார் அல்லவா?

இளமாறன்:
உங்கள் கண்டனம் நியாயமானது. முன்பணத்தைக் கழித்து, வாடகையை மட்டும் கேட்பதே முறை.

செல்வநாயகி:
இருவரும் தீர்ப்போடு நின்றுவிட்டீர்கள். தீர்ப்பு கையில் இருந்தும் பணம் வராமல் போவதே சிறு உரிமையாளர்களை மிகவும் வருத்துகிறது. பிரதிவாதி தாமாகச் செலுத்தாவிட்டால், தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு போட வேண்டும். இந்தியாவில் சம்பளத்தைப் பற்றுகை செய்யும்போது, அதாவது நீதிமன்ற ஆணையால் பிடித்தம் செய்யும்போது, முதல் 1,000 ரூபாயும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு பெறுகின்றன; ஒரே தீர்ப்புக்காக 24 மாதம் பிடித்துவிட்டால் அதற்கு மேல் அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது. நிலையான சம்பளமோ சொத்தோ இல்லாதவரிடமிருந்து இதுவும் கிடைக்காது. எனவே குடியிருப்பவர் எங்கே வேலை செய்கிறார் என்பது தெரியாத நிலையில், நீதிமன்றக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, தவணையாகச் செலுத்த அவரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற முயல வேண்டும் என்பேன்.

கதிரவன்:
அப்படி ஒரு தவணைக் கடிதம் வந்தால், குடியிருப்பவர்களில் பலர் கையெழுத்திடுவார்கள்.