பொருள்: ஸ்டேக் 'டன்னெஸ்': வேக்காடா, பதமா?

அன்பர்களே,

ஸ்டேக், அதாவது தடித்த மாட்டிறைச்சித் துண்டு, எந்த அளவு வெந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் 'டன்னெஸ்' என்பதற்கும், மிகக் குறைவாக வெந்த ரேர் தொடங்கி மீடியம் ரேர், மீடியம், மீடியம் வெல், முழுதாக வெந்த வெல் டன் வரையான ஐந்து படிகளுக்கும் நம் சொற்பதிவில் சேர்க்கத் தமிழ்ச் சொல் தேவை. ரேரை 'அரிதானது' என்று எழுதுவது பிழை. இலேசாக வெந்த முட்டையைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லின் வழியில் வந்தது அது. அருமைக்கும் அதற்கும் உறவில்லை.

என் முன்மொழிவு: வேக்காடு. படிகளுக்குக் கால் வேக்காடு, அரை வேக்காடு, முக்கால் வேக்காடு, முழு வேக்காடு. ஐந்தாவதற்குத்தான் இடிக்கிறது.

---

> கால் வேக்காடு, அரை வேக்காடு

'அரைவேக்காடு' என்றால் ஏச்சுதான் முதலில் நினைவுக்கு வரும். முழுசாக வெந்தால்தான் சரி, மற்றதெல்லாம் குறை என்ற எண்ணமும் அந்தப் பின்னங்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மீடியம் ரேர் கேட்பவருக்கோ அதுவே முடிந்த நிலை. அதைத் தாண்டினால் கெட்டது. இதற்கென்றே நம்மிடம் 'பதம்' இருக்கிறது. பாகு காய்ச்சுவோர் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும் அடையாளத்தை வைத்துத்தான் பெயரிட்டார்கள்.

இன்னொன்று: இங்கே பார்ப்பது துண்டின் நடுப்பகுதியை மட்டும். மேற்புறம் எந்தப் படியிலும் முறுகியிருக்கலாம். ஆகவே 'உட்பதம்' என்போம். வெளிப்புறத்துக்கு 'மேல்முறுகல்' தனியாக இருக்கட்டும். இரண்டையும் பிரித்தால்தான் "வெளியே நன்றாக முறுகட்டும், உள்ளே சிவப்பாக இருக்கட்டும்" என்று குழப்பமில்லாமல் கேட்க முடியும்.

நடுவின் நிறத்தைக் கொண்டு பெயர்கள்: ரேர் செம்பதம், மீடியம் ரேர் இளஞ்செம்பதம், மீடியம் ரோசாப்பதம், மீடியம் வெல் மங்குபதம், வெல் டன் முழுப்பதம்.

---

> மீடியம் ரேர் இளஞ்செம்பதம்

உட்பதம் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் இந்தப் பெயர் ஆளைத் தவறவிடும். இளஞ்சிவப்பு என்பது ரோசா நிறம். அது மீடியத்தின் அடையாளம். இளஞ்செம்பதம் கேட்டவர் ரோசாவை எதிர்பார்ப்பார், தட்டில் வருவதோ சிவப்பு.

ரேரில் நடுப்பகுதி சிவந்து, ஏறக்குறையக் குளிர்ந்தே இருக்கும். மீடியம் ரேரில் சிவப்பு போகாது, வெதுவெதுப்பு சேரும். எனவே வெதுநீர் போல 'வெதுசெம்பதம்'. இளஞ்செம்பதம் மீடியத்துக்குப் போகட்டும், ரோசாப்பதம் வேண்டாம்.

நிறம் மட்டும் போதாது; மங்கலான விளக்கில் ரோசாவும் பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும். பதிவில் டிகிரி செல்சியஸும் வேண்டும்: செம்பதம் 50ஐ ஒட்டி, வெதுசெம்பதம் 54 முதல் 57, இளஞ்செம்பதம் 60 முதல் 63, மங்குபதம் 65 முதல் 68, முழுப்பதம் 71க்கு மேல். 50 வாக்கில் மயோசின் புரதம் உறையத் தொடங்கித் தசை கெட்டிப்படும். 60ஐத் தாண்டச் சிவப்பு நிறமியான மயோகுளோபின் சிதைந்து பழுப்பாகும். 66க்கு மேல் இன்னொரு தசைப் புரதமான ஆக்டினும் குலைந்து நார் சுருங்க, சாறு வெளியேறிவிடும். முழுப்பதம் வறண்டு போவது இதனால்தான்.

விளக்கத்தில் 'இரத்தம்' என்ற சொல் எங்கும் வரக்கூடாது. தட்டில் ஊறும் சிவப்பு நீர் மயோகுளோபின் கலந்த தசைநீர். பிரெஞ்சில் ரேரை 'இரத்தம் வடிவது' என்றே சொல்கிறார்கள். அந்த வழி நமக்கு வேண்டாம். அங்கே நம் மீடியத்துக்கு இணையாகச் சொல்லப்படும் 'ஆ புவான்' கேட்டால் பெரும்பாலும் வெதுசெம்பதத்துக்கு அருகில்தான் வரும். படியின் பெயர் இடத்துக்கு இடம் நகரும் என்பதால், கேட்கும்போது அடையாளத்தையும் சேர்த்துச் சொல்வது நல்லது: "வெதுசெம்பதம், நடுவில் வெதுவெதுப்பான சிவப்பு."

---

> டிகிரி செல்சியஸும் வேண்டும்

ஏற்கிறேன். வேக்காடு நிகழ்வின் பெயர், பதம் அது போய் நிற்கும் நிலை. நான் இரண்டையும் கலந்துவிட்டேன். வேக்காட்டுக்கு வேறோர் இடமும் உண்டு. அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் தடித்த துண்டின் நடுவில் 3 முதல் 5 டிகிரி ஏறும். அதைத் 'தொடர்வேக்காடு' எனலாம். வெதுசெம்பதம் வேண்டுமானால் 51 அல்லது 52லேயே எடுத்து, 5 நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

கேட்பவருக்கான குறிப்பையும் பதிவில் சேர்க்கிறேன். முதுகெலும்பை ஒட்டிய, கொழுப்பு குறைந்த மென்தசைத் துண்டான டெண்டர்லாயினுக்குச் செம்பதம் பொருந்தும். விலாப் பகுதியிலிருந்து வெட்டும் கொழுப்பு மிகுந்த ரிப்ஐயில் கொழுப்பு இளக வேண்டும். வெதுசெம்பதத்துக்குக் கீழே கேட்டால் அது மெழுகுபோல வாயில் ஒட்டும். இரண்டு படிகளுக்கிடையே தயக்கம் வந்தால் கீழ்ப்படியைக் கேளுங்கள். வேகாததைத் திரும்ப அடுப்பிலிடலாம், மிஞ்சியதை மீட்க முடியாது. தட்டு வந்ததும் ஓரத்தை அல்ல, நடுவை வெட்டிப் பாருங்கள்.

---

ஒரு திருத்தம் மட்டும். உட்பதத்தைத் தேர்ந்தெடுப்பது முழுத் துண்டுக்கே பொருந்தும் என்று பதிவிலேயே எழுதுங்கள். அதில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், மேல்முறுகலில் சாகும். அரைத்த இறைச்சியில் அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. ஊசி குத்தி மென்மையாக்கிய துண்டிலும் உள்ளே போயிருக்கலாம். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் 3 நிமிட ஓய்வும், அரைத்ததற்கு 71 டிகிரியும் சொல்கிறது. அந்த அளவுப்படி செம்பதமும் வெதுசெம்பதமும், 63ஐ எட்டாத இளஞ்செம்பதமும் வரம்புக்குக் கீழே நிற்பவை. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்ற வரியும் சேரட்டும்.