ஐந்து பேர்லாங் ஓட்டமும் கேட் நம்பரும்: உங்கட அனுபவத்தையும் எழுதுங்க

உவர்மலைக்காரன்:

குறுந்தூரக் குதிரை ஓட்டத்துக்குக் காசு கட்டின ஆக்கள் இதில எழுதுங்க. வெண்ட கதை வேண்டாம், அது எல்லார்ட்டயும் ரெண்டு இருக்கும். என்னத்தைப் பாத்துக் கட்டினீங்க, எங்க பிழைச்சுது எண்டதைச் சொல்லுங்க. நானே துவங்குறன்.

2016 மே மாதம். திருமலை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு ரேஸ் கடை. வெளியில நம்மட ஊர் மான் ரெண்டு நிண்டு சாப்பாட்டுப் பார்சல் கடதாசியை மெண்டுகொண்டு நிக்கும், உள்ளுக்கு இங்கிலாந்துக் குதிரை ஓடும். அங்க பின்னேரம் ரெண்டு மணி எண்டா நமக்கு இரவு ஆறரை. வேலை முடிஞ்சு வாற ஆக்களுக்குச் சரியான நேரம், அதுதான் கேடு.

அண்டைக்கு செஸ்டர்ல ஓட்டம். செஸ்டர் சரியான சின்ன வட்டம், ஒரு சுத்து ஒரு மைலும் கொஞ்சமும்தான். எந்த நேரமும் இடப்பக்கம் வளைஞ்சுகொண்டே இருக்கும். அதில ஐந்து பேர்லாங், அதாவது ஒரு கிலோமீட்டர் போல, ஓடுறதெண்டா உள்பக்கக் கேட்டில (குதிரை நிண்டு துவங்குற கூண்டு) நிக்கிற குதிரைக்குத்தான் வாசி. வெளியில நிக்கிறது வளைவு முழுக்கக் கூடத் தூரம் ஓட வேணும். இவ்வளவும் எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் முதலாம் நம்பருக்கு ரெண்டாயிரம் கட்டினன்.

கேட் திறந்துது. என்ட குதிரை ஆகக் கடைசி வெளிப்பக்கத்தில இருந்து வருது. நான் ரி.வி. பிழை எண்டு நினைச்சன்.

பக்கத்தில ஒரு ஐயா, டொக்யார்டில வேலை செய்து பென்சன் எடுத்தவர். காசு கட்ட மாட்டார், பேப்பரில பென்சிலால கீறிக்கொண்டு மட்டும் இருப்பார். என்ட பந்தயத் துண்டை வாங்கிப் பாத்திட்டுக் கேட்டார், "தம்பி, நீர் சேணத்துத் துணியில இருக்கிற நம்பரையா கேட் நம்பர் எண்டு நினைச்சீர்?"

ஓம், அப்படித்தான் நினைச்சிருந்தன். ஆறு மாசமா. பேப்பரில முதல்ல பெரிசா இருக்கிறது துணி நம்பர். கேட் நம்பர் பக்கத்தில அடைப்புக்குறிக்குள்ள சின்னதா இருக்கும். அதில 11 எண்டு கிடந்துது. இதில இன்னொரு பகிடியும் இருக்கு. ஹெண்டிகப் ஓட்டத்தில, அதாவது நல்ல குதிரைக்குக் கூடப் பாரம் ஏத்தி ஓட விடுற ஓட்டத்தில, துணி நம்பர் போடுறது பாரத்தின்ர வரிசையில. ஒண்டாம் நம்பர் எண்டா ஆகக் கூடின பாரம் சுமக்கிற குதிரை. ஆகப் பாரமான குதிரையை ஆகக் கூடாத கேட்டில தேடிப் பிடிச்சுக் கட்டியிருக்கிறன்.

அதுக்குப் பிறகு ஐயாட்டத்தான் படிச்சன். பேருக்கு முன்னால இருக்கிற இலக்கங்கள் கடைசியா ஓடின இடங்கள், வலப்பக்க ஓரத்தில இருக்கிறதுதான் ஆகப் புதுசு. சைபர் எண்டா பத்தாவதோ அதுக்கும் பின்னாலயோ. நடுவில கோடு இருந்தா அதுக்கு முன்னால இருக்கிறது போன சீசன். சைபரைக் கண்டவுடன குதிரையை வெட்டுற ஆள் நான். ஐயா வெட்ட மாட்டார். அந்தச் சைபர் எந்தத் தரையில, எந்தக் கேட்டில இருந்து வந்தது எண்டு பாப்பார். காஞ்ச தரையில பறக்கிற குதிரை மழை ஊறின தரையில சைபர் எடுத்திருக்கும். இண்டைக்குத் தரை காஞ்சிருந்தா அந்தச் சைபருக்கு ஒரு பெறுமதியும் இல்லை. எல்லாரும் பயந்து விட்டதால விலையும், அதாவது வெண்டாக் கடை தாற பங்கும், நல்லாக் கிடைக்கும்.

ஒரு மைல் ரெண்டு மைல் ஓட்டத்தில பிழை விட்டாத் திருத்த நேரம் இருக்கு. ஐந்து பேர்லாங் எண்டா ஆயிரத்துச் சொச்சம் மீட்டர், ஒரு நிமிசத்துக்குள்ள கதை முடியும். கேட்டில இருந்து பிந்தி வெளிக்கிட்டா ரெண்டு மூண்டு உடம்பு நீளம் போயிடும், அதைப் பிடிக்கிறது லேசில்லை. அதால பேரையும் ஜொக்கியையும் பாக்க முந்தி, எங்க நிண்டு துவங்குது, நேரத்துக்கு வெளிக்கிடுற பழக்கம் இருக்கோ எண்டு பாருங்க.

கிண்ணியாக் காக்கா:

நான் கட்டுறதில்ல தம்பி, நமக்கு அது ஆகாது. ஆனா அந்த மாதிரிக் கடை ஒண்டுக்குப் பக்கத்தில ஏழு வருசம் தேத்தண்ணிக் கடை வெச்சிருந்தன். உள்ள நடக்கிறது எல்லாம் பிளேன்ரி கொண்டு போகக்குள்ள தெரியும்.

ஒண்டு மட்டும் சொல்றன். 2017 ஆகஸ்ட், யோர்க்கில நன்தோர்ப் எண்டு ஐந்து பேர்லாங் ஓட்டம். நம்மட நேரம் இரவு எட்டு மணி போல. எல்லாரும் லேடி அவ்ரேலியா எண்ட அமெரிக்கக் குதிரைக்குத்தான், மேல இருந்த ஜொக்கி பிராங்கி டெட்டோரி. ஒரு மேசன் பொடியன் மட்டும் மார்ஷா எண்ட குதிரைக்குக் கட்டியிருந்தான். கடைசியில ரெண்டும் மூக்கும் மூக்குமா வந்துது. டெட்டோரி தான் வெண்டதெண்டு கையை உசத்திட்டார். அதைக் கண்ட பொடியன் துண்டைக் கிழிச்சு எறிஞ்சிட்டு என்ட கடைக்கு வந்து இருந்திட்டான்.

ரெண்டு மூண்டு நிமிசத்தால உள்ளுக்குச் சத்தம். போட்டோவில மார்ஷாதான் முன்னுக்காம்! பொடியன் ஓடிப்போய் நிலத்தில துண்டு பொறுக்குறான். நாலாக் கிழிச்சதில மூண்டுதான் கிடைச்சுது. மற்றது என்ட பெஞ்சுக்குக் கீழ, செருப்பில ஒட்டி வந்திருந்துது. நான்தான் செலோடேப் குடுத்தன். காசு குடுத்தாங்க, அரை மணித்தியாலம் முகத்தைப் பாத்திட்டு.

நிலாவெளியான்:

காக்கா சொன்ன அந்த ஓட்டத்தில நான் கட்டினது பட்டாஷ் எண்ட குதிரைக்கு. நாலாவதா வந்துது. ஓட முந்தியே வேர்த்துக் கொட்டி, துள்ளி, ஆளைப் பதற வைச்சு, இருந்த சக்தி எல்லாத்தையும் கேட்டுக்குப் போக முந்தியே முடிச்சிட்டுது. ரி.வி.யில வடிவாத் தெரிஞ்சது. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தன், ஏனெண்டா காசு கட்டியாச்சு.

அதே குதிரை 2019இல அதே யோர்க்கில அதே ஓட்டத்தை 55.90 செக்கனில ஓடி, 1990இல டேஜூர் எண்ட குதிரை வைச்ச 56.16 செக்கனை முறிச்சுது. ரெண்டு வருசத்தில கால் புதுசா முளைக்கேல்லை. குணம் அடங்கினதுதான் வித்தியாசம்.

நேரில குதிரை பாக்க வேணும் எண்ட ஆசையில ஒரு ஏப்ரலுக்கு நுவரெலியா போனன். திருமலை வெயிலில இருந்து போய் அந்தக் குளிருக்கு ஸ்வெட்டர் கடன் வாங்கிப் போட்டது வேற கதை. அங்க ஓட்டத்துக்கு முந்திக் குதிரையை வட்டமா நடத்திக் காட்டுவாங்க. சனம் முழுக்கத் தொப்பியும் சேலையும் பாத்துக்கொண்டு நிக்க, நான் வேலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். குறுந்தூரக் குதிரையைப் பின்பக்கத்தில பாருங்க. தொடை நல்லாத் திரண்டு, நெஞ்சு அகண்டு, நம்மட கபடிக்காரன் மாதிரி இருக்கும். நீட்டு ஓட்டக் குதிரை மரதன் ஓடுறவனைப் போல ஒடிசலா இருக்கும். தலையைத் தொங்கப் போட்டு ஆறுதலா, நீட்டி அடி வைச்சு நடக்கிறது நல்லம். பின்னங்கால் ரெண்டுக்கும் நடுவில வெள்ளையா நுரை கட்டி, ரெண்டு பேர் இழுத்துப் பிடிக்க வேண்டி இருந்தா நான் விட்டிடுவன். வெயில் நாளில கழுத்தில கொஞ்சம் வேர்வை இருக்கிறதுக்குப் பயப்படத் தேவையில்லை.

அண்டைக்கு அப்படிப் பாத்துத் தெரிஞ்செடுத்தது ரெண்டாவதா வந்துது. நான் வின்னுக்கு, முதலாவதா வந்தாத்தான் காசு எண்டு, மட்டும்தான் கட்டியிருந்தன்.

கணக்குப்பிள்ளை:

இவ்வளவு எழுதினீர்கள், விலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்குக் குதிரையின் தொடை தெரியாது.

எட்டுக் குதிரை ஓடுகிறது என்று வையுங்கள். விலை 2/1, 3/1, 5/1, 6/1, 8/1, 10/1, 14/1, 20/1. 2/1 என்றால் ஒரு ரூபாய் கட்டி வென்றால் இரண்டு ரூபாய் லாபம்; வாய்ப்பாகப் பார்த்தால் மூன்றில் ஒன்று, அதாவது 33.3 வீதம். 3/1 என்றால் 25 வீதம். இப்படி எட்டையும் கூட்டிப் பாருங்கள், 121 வரும். இருக்கிற வாய்ப்பு 100தான். அந்த 21 கடைக்காரருடையது. எந்தக் குதிரை வென்றாலும் 100 ரூபாய் கைக்கு வருகிற மாதிரி எட்டுக்கும் பிரித்துக் கட்டினால் 121 ரூபாய் செலவாகும். ஆகவே "எது வெல்லும்" என்று கேட்டுப் பயனில்லை. "இந்த விலைக்கு இது பெறுமா" என்றுதான் கேட்க வேண்டும். மூன்றில் ஒரு தரம் வெல்லும் என்று நீங்கள் நம்புகிற குதிரைக்கு 6/4 தந்தால் பேசாமல் தேத்தண்ணி குடியுங்கள்.

என்னுடைய பிழையையும் சொல்ல வேண்டுமே. ஈச் வே என்பது ஒரு பந்தயம் அல்ல, இரண்டு: வின்னுக்கு நூறு, பிளேசுக்கு (முதல் சில இடங்களுக்குள் வந்தால் காசு) நூறு. வழமையான கணக்கில் எட்டுக் குதிரை ஓடினால் முதல் மூன்று இடத்துக்கும் விலையின் ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து முதல் ஏழு வரை என்றால் முதல் இரண்டு இடம்தான். நான் எட்டுக் குதிரை ஓட்டம் என்று பார்த்து ஈச் வே போட்டேன். ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னர் ஒரு குதிரையை எடுத்துவிட்டார்கள். என்னுடையது அழகாக மூன்றாவதாக வந்தது. நான் துண்டை நீட்ட, கவுண்டரில் இருந்த பிள்ளை விரலால் ஏழு என்று காட்டிற்று.

உவர்மலைக்காரன்:

ஐயா, அந்த ஏழு என்னையும் ரெண்டு தரம் கடிச்சிருக்கு.

இன்னொண்டு எழுத மறந்திட்டன். அஸ்கொட் மாதிரி நேர்ப்பாதையில இருபது, இருபத்தைஞ்சு குதிரை ஓடுற ஆறு பேர்லாங் ஹெண்டிகப் இருக்கே, அதில செஸ்டர்க் கணக்கு வேலை செய்யாது. அதுகள் ரெண்டு கூட்டமாப் பிரிஞ்சு, ஒரு கூட்டம் இந்தக் கரை, மற்றது அந்தக் கரை எண்டு ஓடும். வேகமா இழுத்துக்கொண்டு ஓடுற குதிரை எந்தக் கரையில கூட இருக்குதோ அந்தக் கரை வெல்லுறதைக் கனக்கத் தரம் கண்டிருக்கிறன். அண்டைக்கு அதே பாதையில முதல் நடந்த ஓட்டம் ஒண்டைப் பாத்திட்டுக் கட்டுறது புத்தி. பொறுமை இருந்தால்.

மனையாவெளிப் பிள்ளை:

அண்ணாமார், நான் ரேஸ் கடை வாசலே மிதிச்சதில்லை. அப்பாக்காக எழுதுறன். சீனக்குடாவில வேலை செய்தவர், இப்ப இல்லை. அவர்ட சேட்டுப் பையில துண்டு எடுத்தா அம்மா சண்டை பிடிப்பா. பிறகு அந்தத் துண்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள போட்டு வைப்பா, "உங்கட அப்பன் துலைச்ச காசு" எண்டு எங்களுக்குக் காட்ட. ரின் இன்னும் இருக்கு. எண்ணிப் பாத்தனான், 214 துண்டு. ஒண்டு கூட வெண்டதில்லை.

அதோட கொஞ்ச ரேஸ் பேப்பரும் கிடக்கு. அதில பேர் ஒண்டிலயும் அடையாளம் இல்லை. அடைப்புக்குறிக்குள்ள இருக்கிற சின்ன இலக்கத்தைச் சுத்தி மட்டும் பென்சிலால வட்டம் போட்டிருக்கிறார். இவ்வளவு நாளும் என்னெண்டு விளங்கேல்லை. அதுவோ இது?

உவர்மலைக்காரன்:

ஓம் பிள்ளை, அது கேட் நம்பர்தான். எந்த ஊர் ஓட்டம் எண்டு மேல எழுதியிருக்கும், பாருங்க. வட்டத்துக்குள்ள என்ன இலக்கம்?

கணக்குப்பிள்ளை:

பிள்ளை, ஒரு திருத்தம். வென்ற துண்டைக் கடையில் குடுத்துத்தான் காசு வாங்க வேண்டும். அது வீட்டுக்குத் திரும்பி வராது. ரின்னுக்குள் தோற்றது மட்டும்தான் இருக்கும். அப்பா எவ்வளவு வென்றார் என்று அந்த ரின்னால் சொல்ல முடியாது.

மனையாவெளிப் பிள்ளை:

இப்பதான் எடுத்துப் பாத்தன். பதினேழு பேப்பர். எல்லாம் செஸ்டர். வட்டத்துக்குள்ள 1, 2, 3, ஒண்டில மட்டும் 4.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதை அம்மாக்குச் சொன்னன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. பிறகு, "அப்ப அந்த பிரிஜ்ஜுக்குக் காசு எங்கால வந்தது எண்டு இப்பதான் யோசிக்கிறன்" எண்டா.