வேவ்மேக்கரைக் கூட்டினால் மணல் பறக்கிறது, குறைத்தால் சிவப்புச் சளி

வுட்லண்ட்ஸ்_ரீஃப்:
அண்ணன்மார்களே, என்னுடையது பவளம் வளர்க்கும் மூன்றடி கடல்நீர் டேங்க் (90×45×45 செ.மீ.). பாறை போக 150 லிட்டர் தண்ணீர் இருக்கும். அடியில் சர்க்கரை மாதிரி பொடி மணல், இரண்டு அங்குலம். மணிக்கு 8000 லிட்டர் தள்ளும் வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் பம்ப்) ஒன்றை இடப்பக்கக் கண்ணாடியில் நடு உயரத்தில் ஒட்டியிருக்கிறேன். வேகத்தை 60 சதவீதம் வைத்தால் வலது மூலையில் அடிக்கண்ணாடி தெரியும் அளவுக்குப் பள்ளம் விழுகிறது. 30க்கு இறக்கினால் மணல் அசைவதில்லை, ஆனால் பாறைக்குப் பின்னால் சிவப்புச் சளி (சயனோபாக்டீரியாப் படலம்) படர்கிறது. மணலில் உட்கார்ந்திருக்கும் மூளைப் பவளத்தின் மேல் தினமும் மணல் கிடக்கிறது. டார்ச் பவளம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. என்னதான் செய்வது?

உப்புக்காரன்:
பொடி மணலை எடுத்துவிட்டு 1–2 மில்லிமீட்டர் மணல் போடுங்கள். வேலை முடிந்தது.

பழைய_பம்ப்:
மணலை மாற்றுவதெல்லாம் கடைசியில்தான் தம்பி. ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் மணலை வாரினால் அடியில் தேங்கிய அழுக்கு மொத்தமும் மேலே வரும், அமோனியாவும் ஏறலாம். பெரிய மணலுக்கு இடுக்கில் அழுக்கு சேரும் தொல்லை வேறு.

கணக்கைப் பாருங்கள். 8000 லிட்டர் பம்ப் முழு வேகத்தில் உங்கள் தண்ணீரை மணிக்கு ஐம்பது தடவைக்கு மேல் சுழற்றும். டார்ச்சுக்கு இருபது, முப்பது தடவையே தாராளம். ஆகவே வேகம் போதாமல் இல்லை, வேகமெல்லாம் ஒரே கோட்டில் போகிறது. அந்தத் தண்ணீர் எதிர்க் கண்ணாடியில் மோதிக் கீழே இறங்கி மூலையைத் தோண்டுகிறது. பாறைக்குப் பின்னால் அது எட்டிப் பார்ப்பதே இல்லை.

பம்ப்பை மேலே ஏற்றுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே நான்கு விரல் போதும். அதற்கும் மேலே போனால் காற்றை இழுத்துக் குமிழி கக்கும். முகத்தைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பி, முன் கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்க வையுங்கள். காசு இருந்தால் மணிக்கு 3000 லிட்டரில் இன்னொன்று வாங்கி வலப்பக்கம் மாட்டி, இருப்பதைக் குறைத்து ஓட்டுங்கள். இரண்டு ஓட்டமும் நடுவில் மோதி உடைந்தால் மணலில் படும்போது வேகம் இருக்காது. டார்ச் முன்னும் பின்னும் ஆட வேண்டும். ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் நேரடி அடி வாங்குகிறது என்று அர்த்தம்.

பாறை பின்கண்ணாடியை ஒட்டி இருக்கிறதா? இருந்தால் நாலு விரல் முன்னுக்கு இழுத்து வையுங்கள். சளி பெரும்பாலும் அதிலேயே குறையும். குறையாவிட்டால் தீனியையும், தண்ணீரில் சேரும் நைட்ரேட், பாஸ்பேட் அளவையும் பாருங்கள்.

வுட்லண்ட்ஸ்_ரீஃப்:
ஒட்டித்தான் இருக்கிறது அண்ணா. தண்ணீரை அகலமான தகடு மாதிரி தள்ளும் கைர் பம்ப் வாங்கலாமா?

பழைய_பம்ப்:
நல்ல சாமான்தான். ஆனால் அதைப் படுக்கையாக மாட்டினால் தண்ணீர் மேலே போய், எதிர்ச்சுவரில் இறங்கி, தரையோடு திரும்பி வரும். பொடி மணலில் கூட்டி ஓட்டினால் அதுவும் வாரும். குறைத்து ஓட்டத் தயார் என்றால் வாங்குங்கள்.

ரீஃப்_அக்கா:
ஒரு சந்தேகம். டேங்கில் டைமண்ட் கோபி மீன் இருக்கிறதா?

வுட்லண்ட்ஸ்_ரீஃப்:
இருக்கிறதே! ஏன் அக்கா?

ரீஃப்_அக்கா:
அப்படியானால் பவளத்தின் மேல் விழும் மணலுக்கு பம்ப்பை மட்டும் திட்டாதீர்கள். அவன் வாய் நிறைய மணலை அள்ளி, நீந்திக்கொண்டே செவுள் வழியாகக் கொட்டுவான். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டான். மூளைப் பவளம் மணல் தரையில் வாழ்கிற ஜாதிதான், உடம்பை உப்பவைத்துக் கொஞ்சம் மணலைத் தானே தள்ளிவிடும். தினமும் கொட்டினால் சதை பின்வாங்கும். தட்டையான ஒரு கல்லின் மேல் ஏற்றி வையுங்கள்.

வுட்லண்ட்ஸ்_ரீஃப்:
ஐயோ, அவன் வேலையா! இன்று ராத்திரியே பாறையை நகர்த்துகிறேன். ராத்திரியில் வேவ்மேக்கரை நிறுத்திவிடலாமா?

பழைய_பம்ப்:
குறைக்கலாம், நிறுத்தக் கூடாது. விளக்கு அணைந்தால் பவளமும் பாசியும் ஆக்சிஜன் தராது, எல்லாமே இழுத்துக்கொள்ளும். மேல்மட்டம் அலைந்துகொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, பள்ளத்தை மூடிவிட்டு உடனே 60க்குப் போகாதீர்கள். கலைந்த மணலில் பாக்டீரியாப் படலம் மறுபடி பிடிக்கச் சில வாரம் ஆகும். அதுவரை 30இல் தொடங்கி, நாலு நாளைக்கு ஒருமுறை ஐந்து சதவீதம் ஏற்றுங்கள். மணல் நகர ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு படி இறங்கி நிறுத்துங்கள்.