வைஃபையில் பிரிண்டர் ஒருநாள் ஓடுகிறது, மறுநாள் ஆஃப்லைன்! யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. வீட்டு பிரிண்டரை லேப்டாப்போடு வைஃபையில் இணைக்க மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். யுஎஸ்பி கேபிள் போட்டால் சமர்த்தாக அச்சடிக்கிறது. கேபிளைப் பிடுங்கினால் போச்சு.

பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டும்தான் பிடிக்கும். லேப்டாப் 5-இல் இருந்தது. அதுதான் கோளாறோ என்று அதையும் 2.4-க்கு மாற்றினேன். அன்றைக்கு ஓடியது, நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி 'ஆஃப்லைன்'. கூத்து என்னவென்றால், அதே நேரத்தில் போனில் இருந்து கொடுத்தால் பக்கம் வந்து விழுகிறது!

நேற்று ராத்திரி பிரிண்டரின் நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சடித்துப் பார்த்தேன். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) 192.168.1.12 என்று இருக்கிறது. லேப்டாப்பில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் (அச்சு எந்த முகவரிக்குப் போகிறது என்று காட்டும் இடம்) போய்ப் பார்த்தால் இன்னும் 192.168.1.7. ரவுட்டரை ராத்திரி அணைத்து வைக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. திரும்பப் போடும்போது பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்துவிடுகிறது போல.

முகவரியை நிரந்தரமாக்க ரவுட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) ஒதுக்கி வைப்பது நல்லதா, பிரிண்டர் திரையிலேயே கையால் போடுவதா? லேப்டாப்பில் பழைய போர்ட்டைத் திருத்தினால் போதுமா, பிரிண்டரையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கணுமா?

ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் புரோகிராம்) ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, டிரைவரை இரண்டு தடவை போட்டாச்சு. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.